யூபிஐ வந்து என்னத்த மாத்திச்சு? பணத்துக்கு ஞாபகசக்தி வந்துருச்சு

"யூபிஐ வந்ததுல இருந்து செலவு கூடிருச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க, அது போக நெஜமாவே நம்ம அன்றாட வாழ்க்கைல அது என்னத்த மாத்திச்சு, பேசாம பழையபடி கேஷுக்கே போயிடலாமா"ன்னு கேட்டிருக்கீங்க. கொஞ்சம் நீளமாவே சொல்றேன். நான் கொஞ்ச காலம் ஒரு பேங்குக்காக மதுரைல கடை கடையா ஏறி எறங்கி க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டுற வேலை பாத்தவன், கீழமாசி வீதி மளிகைக் கடைல இருந்து மாட்டுத்தாவணி பூக்கடை வரைக்கும் ஆளுங்க இதை எப்படி எடுத்துக்கிட்டாங்கன்னு கிட்ட நின்னு பாத்திருக்கேன்.

செலவு கூடுச்சா இல்லையாங்கிறத பின்னாடி பாப்போம். என்னைக் கேட்டா பெரிய மாற்றம் வேற எடத்துல நடந்திருக்கு. ஒரு நூறு ரூபா நோட்டு நேத்து யார் பைல இருந்துச்சு, எதுக்காக கை மாறிச்சுன்னு அந்த நோட்டுக்கே தெரியாது. இப்போ நீங்க டீக்கு குடுக்குற பதினஞ்சு ரூபா கூட பேரு, தேதி, நேரம், ரெண்டு பக்கத்து அக்கவுண்டு, ஒரு 12 இலக்க நம்பர் எல்லாத்தோடயும் எங்கயோ பதிவாகி உக்காந்திருக்கு. அதுக்காக முன்னாடி நம்மாளுங்க காசுக்குக் கணக்கு வெக்காதவங்கன்னு சொல்ல முடியாது, மொய் நோட்டு வெச்சிருந்த ஊரு இது. எந்தக் காசை எழுதி வெக்கணும், எந்தக் காசை அப்படியே மறந்துடணும்னு நாமளே பிரிச்சு வெச்சிருந்தோம், இப்ப மெஷின் எல்லாத்தையும் எழுதிருது. மிச்சதெல்லாம் இதுல இருந்துதான் கிளம்புதுன்னு நான் நினைக்கிறேன்.

கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், வேகமா சொல்லிடுறேன். இதை நடத்துற என்பிசிஐங்கிற தேசிய பேமென்ட் கழகம் 2008ல ஆரம்பிச்சது. 2016 ஏப்ரல் 11ம் தேதி அப்போ ரிசர்வ் பேங்க் கவர்னரா இருந்த ரகுராம் ராஜன் யூபிஐய தொடங்கி வெச்சாரு, மொதல்ல 21 பேங்க். அது ஏதோ பேங்க்காரங்க சமாச்சாரம்னு யாரும் கண்டுக்கல. அதே வருஷம் நவம்பர் 8 ராத்திரி 500, 1000 நோட்டு செல்லாதுன்னு சொன்னாங்க, புழக்கத்துல இருந்த பணத்துல மதிப்புப்படி பாத்தா 86 சதவீதம் அந்த ரெண்டு நோட்டுதான். ஏடிஎம் வாசல்ல நின்னு காலு வலிச்ச சனம் அப்புறம்தான் போனைப் பாத்துச்சு. 2017 செப்டம்பர்ல கூகுள் டெஸ்னு ஒன்னு வந்துச்சு, அதுதான் மறுவருஷம் கூகுள் பே ஆச்சு, ஸ்கிராட்ச் கார்டு சுரண்டுறதுக்காகவே நண்பனுக்கு காசு அனுப்பி அவன்கிட்ட இருந்து திருப்பி வாங்குன ஆளுங்க நம்மள்ல எத்தனை பேரு. 2020 ஜனவரில இருந்து கடைக்காரருக்கு கமிஷன் கிடையாதுன்னு ஆச்சு, அடுத்த ரெண்டு மாசத்துல கொரோனா, நோட்டைத் தொடவே பயம். 2019 அக்டோபர்ல மாசத்துக்கு 100 கோடி பரிவர்த்தனையத் தாண்டினது, 2023 ஆகஸ்ட்ல 1000 கோடி, 2025 ஆகஸ்ட்ல 2000 கோடி.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. கேஷ் ஒழிஞ்சிருச்சுன்னு நினைக்கிறோம்ல, ஒழியல. 2016 நவம்பர்ல புழக்கத்துல இருந்த நோட்டு சுமார் 18 லட்சம் கோடி ரூபா, 2025ல அது 36 லட்சம் கோடிக்கு மேல. ரெட்டிப்பு. அப்ப அந்த நோட்டெல்லாம் எங்க போச்சு, கடைல கண்ணுல படலையேன்னா, சட்டைப் பைல இருந்து பீரோவுக்குப் போயிருச்சு. சின்ன செலவுக்கெல்லாம் போனு, ஆஸ்பத்திரி அவசரத்துக்கு, இடம் வாங்குறதுக்கு, யாருக்கும் தெரிய வேணாம்னு நினைக்கிற விஷயத்துக்கு நோட்டு. எழுதப்பட வேண்டாம்னு நினைக்கிற பணம் எல்லாம் நோட்டாவே தங்கிக்கிச்சுன்னுதான் நான் இதைப் படிக்கிறேன்.

சரி, கடைல நிக்குற அந்த அஞ்சு செகண்டுக்கு வருவோம். நோட்டைக் குடுத்தா குடுத்ததுதான், அவரு வாங்குனா வாங்குனதுதான், நடுவுல ஒரு நிலைமையே கிடையாது. யூபிஐல நீங்க பின் போட்ட உடனே உங்க ஆப்பு தன்னோட பேங்க் வழியா என்பிசிஐக்கு சொல்லும், அது உங்க பேங்க்கிட்ட காசைக் கழிக்கச் சொல்லும், கழிச்சாச்சுன்னு பதில் வந்தப்புறம் கடைக்காரர் பேங்க்கிட்ட வரவு வெக்கச் சொல்லும், அங்க இருந்து ஓகே வந்தாத்தான் ரெண்டு பேருக்கும் பச்சை டிக். இதுல ஒரு பேங்க் சர்வர் அசந்துட்டா உங்க பக்கம் காசு போயிருக்கும், அந்தப் பக்கம் வந்திருக்காது, திரைல பெண்டிங்னு சுத்திக்கிட்டே இருக்கும். இதுக்கு ரிசர்வ் பேங்க் 2019லயே கணக்கு சொல்லியிருக்கு, ஆளுக்கு ஆள் அனுப்புனதா இருந்தா மறுநாளுக்குள்ள, கடைக்குக் குடுத்ததா இருந்தா அஞ்சு நாளுக்குள்ள தானா திரும்பணும், தவறினா நாளுக்கு 100 ரூபா வீதம் பேங்க் தரணும். ரூலு இருக்கட்டும். டீயக் குடிச்சு முடிச்சுட்டு போனைத் தூக்கிக் காட்டிக்கிட்டு "அண்ணே எனக்குப் போயிருச்சுண்ணே"னு ஒரு ஆளும், "தம்பி எனக்கு வரலையேப்பா"ன்னு இன்னொரு ஆளும் நிக்கிறாங்க பாருங்க, ரெண்டு பேரும் உண்மையத்தான் சொல்றாங்க, ரெண்டு பேருக்கும் சங்கடம். பொய் சொல்லாமலே ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட வேண்டிய இந்த நிலைமை காசு வியாபாரத்துல முன்னாடி கிடையாது.

அந்த சந்தேகத்துக்குப் பொறந்த புள்ளதான் ஸ்பீக்கர். ஆரம்பத்துல பேமென்ட் பண்ணுன ஸ்க்ரீனைக் காட்டுனா கடைக்காரர் தலையாட்டிருவாரு. அப்புறம் பழைய ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டுறது, அதே மாதிரி பச்சை டிக் காட்டுற போலி ஆப்பு வெச்சுக்கிறதுன்னு பசங்க கிளம்புனாங்க. கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் போனைத் தொறந்து பாக்க முடியுமா, பஜ்ஜி போடுறவர் கைல மாவு, கறிக்கடைக்காரர் கைல ரத்தம், பூக்கட்டுறவங்க கைல நாரு. அதனால உள்ள தனியா ஒரு சிம் போட்ட டப்பா வந்துச்சு, மாச வாடகைக்கு, காசு வந்த உடனே தமிழ்ல கத்தும். இத்தனை டெக்னாலஜி சுத்தி வந்து கடைசில காதுல விழுந்தாத்தான் நம்பிக்கைன்னு நின்னிருக்கு, எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம்.

ஆனா கேட்டுப் பாருங்க, கூட்டமா இருக்குற கடைல ஒருத்தர் அம்பது ரூபாய்க்கு காய் வாங்குறாரு, பக்கத்துல ஒருத்தர் பத்து ரூபாய்க்குத்தான் வாங்குறாரு, ரெண்டையும் டப்பா ஊருக்கே சொல்லும். கைல சுருட்டி வெச்ச பத்து ரூபாய நீட்டும்போது அது எவ்வளவுன்னு உங்களுக்கும் கடைக்காரருக்கும்தான் தெரியும். மார்க்கெட்ல ஒரு பாட்டி கீரை விக்கிற அம்மாகிட்ட போனை வெச்சுக்கிட்டே "இந்த எட்டு ரூபாய்க்கெல்லாம் அது கத்த வேணாம்த்தா, இந்தா காசாவே வெச்சுக்க"ன்னு சுருக்குப் பையத் தொறந்தாங்க. அந்த அம்மாவும் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டாங்க.

சில்லறை விஷயத்துல யூபிஐ பண்ணுனது நிஜமான நல்ல காரியம், அதை மறுக்க முடியாது. டிக்கெட்டுக்குப் பின்னாடி பாக்கிய எழுதிக் குடுத்துட்டு கண்டக்டர் மறந்த மாதிரி நிக்க, நாம எறங்குற ஸ்டாப் வந்துருச்சேன்னு தவிக்கிறது, ரெண்டு ரூபா பாக்கிக்கு மிட்டாய் வாங்கிட்டு வர்றது, நல்ல பத்து ரூபா காயினை தமிழ்நாட்டுல பாதி ஊர்ல செல்லாதுன்னு வாங்க மறுத்தது (ரிசர்வ் பேங்க் செல்லும்னு எத்தனை தடவை சொல்லியும்!), இதெல்லாம் பெருமளவு போயிருச்சு. ஆனா அதோட சேந்து போனது ஒன்னு இருக்கு. பில்லு 97 ரூபான்னா நூறைக் குடுத்துட்டு "மூணு ரூபா இருக்கட்டும்ண்ணே, அப்புறம் வாங்கிக்கிறேன்"னு வருவோம். அந்த மூணு ரூபாய நாமளும் கேக்க மாட்டோம், அவரும் தர மாட்டாரு, ஆனா இன்னொரு நாள் பில்லு 103 வந்தா "நூறு குடு போதும்"பாரு. எழுதாத கணக்கு, ரெண்டு பக்கமும் வேணும்னே மறக்குற கணக்கு. இப்ப 97னா 97, 103னா 103. யாருக்கும் நஷ்டம் இல்ல, யாருக்கும் பாக்கியும் இல்ல. கடைக்காரர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுறதுக்கு ஒரு சாக்கு இருந்துச்சு, அது கொறைஞ்சிருச்சு. கொசுறு கருவேப்பிலை மட்டும் இன்னும் எந்த ஆப்புலயும் ஏறாம தப்பிச்சிட்டு இருக்கு.

டிப்ஸும் இப்படித்தான். முன்னாடி பில்லுத் தட்டுல வர்ற சில்லறைல பத்து இருபதை விட்டுட்டு வருவோம். இப்ப பில்லு நேரா ஓனர் க்யூஆருக்குப் போயிருது, சாப்பாடு போட்ட அண்ணனுக்கு ஒன்னும் கெடைக்கிறதில்ல. தனியா அவரு நம்பரைக் கேட்டு அனுப்புறவங்க இருக்காங்க, ஆனா எத்தனை பேரு. கோயில்ல ஐயர் தட்டு, வாசல்ல உக்காந்திருக்கவங்க, ஊருக்குப் போயிட்டுக் கிளம்பும்போது சின்னப் புள்ளைங்க கைல அமுக்குற நூறு ரூபா, எல்லாத்துக்கும் நோட்டைத் தேடித்தான் ஆகணும். தாத்தா பேரனோட அப்பாவுக்கு ஜிபே பண்ணுனா அது பேரனுக்குக் குடுத்த மாதிரியா ஆகும்?

மொய்ய எடுத்துக்குங்க. எழுதியே ஆகணும்னு நம்ம சமூகம் முடிவு பண்ணுன பணம் அது. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாசம் மொய் விருந்துன்னே தனியா வெப்பாங்க, கறிச்சோறு போட்டு வசூல் பண்ணுவாங்க, யார் எவ்வளவு செஞ்சாங்கன்னு நோட்டு போட்டு எழுதி வருஷக்கணக்கா வெச்சிருந்து திருப்பிச் செய்வாங்க. வட்டி இல்லாக் கடன், சாட்சி ஊரே. இப்ப லேப்டாப்பும் பிரிண்டரும் வெச்சு ரசீது குடுத்து மொய் எழுதுறவங்க வந்துட்டாங்க, 2021லயே மதுரைப் பக்கம் ஒரு கல்யாணப் பத்திரிகைல க்யூஆர் கோடு அடிச்சது ஊரெல்லாம் பேச்சா ஆச்சு. இந்த எடத்துல டெக்னாலஜி வந்ததுல யாருக்கும் பெரிசா உறுத்தல் இல்ல பாருங்க, ஏன்னா அது ஏற்கனவே எழுதுற பணம், எழுதுற பேனாதான் மாறியிருக்கு. பந்தில உக்கார வெச்சு "மாமா சாப்ட்டுப் போங்க"ன்னு சொல்றதுக்கு ஆள் கொறையுதுன்னு பெரியவங்க வருத்தப்படுறாங்க, அது வேற வருத்தம்.

இதுக்கு நேர் எதிர், யாருக்கும் தெரியக்கூடாதுன்னு வெச்ச பணம். அரிசி டின்னுக்குள்ள, அஞ்சறைப் பெட்டிக்கு அடில, பழைய பட்டுப்புடவை மடிப்புல அம்மாக்கள் வெச்சிருந்த காசு. குடிக்கிற புருஷன்கிட்ட இருந்து ஸ்கூல் ஃபீஸைக் காப்பாத்துனது, பொறந்த வீட்டுல தம்பிக்கு அவசரத்துக்குக் குடுத்தது எல்லாம் இந்தக் காசுதான். 2016 நவம்பர்ல அந்த மடிப்பெல்லாம் ஒரே வாரத்துல தொறக்க வேண்டியதாப் போச்சு. "இவ்வளவு வெச்சிருந்தியா நீ"ன்னு கேட்ட வீட்டுல சிரிப்பும் உண்டு, சண்டையும் உண்டு.

இப்ப 2023 செப்டம்பர் 15ல இருந்து கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாசம் 1000 ரூபா, ஆரம்பத்துலயே ஒரு கோடிக்கும் மேல பெண்களோட அக்கவுண்டுக்கே நேரடியா வருது. அவங்க பேர்ல, அவங்க அக்கவுண்டுல. ஆனா யூபிஐ வேலை செய்யுறது எப்படின்னு தெரிஞ்சா இதுல ஒரு ஓட்டை தெரியும். எந்த சிம் நம்பர் பேங்க்ல பதிஞ்சிருக்கோ அதே சிம்மு போன்ல இருந்து ஒரு எஸ்எம்எஸ் போனாத்தான் ஆப்பு அந்த அக்கவுண்டைத் தொறக்கும். எத்தனையோ வீட்டுல அம்மா அக்கவுண்டு தொறக்கும்போது "நம்பர் சொல்லுங்க"ன்னதுக்கு அப்பா நம்பரோ மகன் நம்பரோதான் குடுத்திருக்காங்க, ஏன்னா அப்ப அம்மாகிட்ட போனே இல்ல. அதனால காசு அம்மாவுக்கு வருது, காசு வந்த மெசேஜு அப்பாவுக்கு வருது, அம்மாவால அவங்க காசை அவங்களே அனுப்ப முடியாது. ஸ்டிக்கர் ஒட்டப் போன எடத்துலயே எத்தனை பூக்கடை அக்காக்கள் "அந்த நம்பரு என் மகன்கிட்ட இருக்கு தம்பி, அவன் சாயங்காலம் வருவான்"னு சொல்லியிருக்காங்க. கடை அக்காவோடது, வியாபாரம் அக்காவோடது, ஸ்பீக்கர் வாங்குற வரைக்கும் காசு வந்துச்சா இல்லையான்னு மகனுக்குப் போன் போட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்.

2024ல யூபிஐ சர்க்கிள்னு ஒன்னு கொண்டு வந்தாங்க, உங்க அக்கவுண்டுல இருந்து வீட்டுல இன்னொருத்தர் அவங்க போன்ல இருந்தே குடுத்துக்கலாம், மாசத்துக்கு இவ்வளவுன்னு நீங்க எல்லை போட்டுக்கலாம். வயசானவங்களுக்கு நல்ல வசதிதான், மறுக்கல. ஆனா அவங்க குடுக்குற ஒவ்வொன்னுக்கும் உங்க போன்ல மணி அடிக்கும். அப்பா மூணாவது காப்பி குடிச்சதும் மகளுக்குத் தெரிஞ்சிரும். சுகர் இருக்குற அப்பான்னா அது வீட்டுல அன்னைக்கு ஒரு பஞ்சாயத்து.

கடைக்காரரும் நாமளும் ஒருத்தரைப் பத்தி ஒருத்தர் தெரிஞ்சுக்கிறதும் மாறியிருக்கு. பத்து வருஷமா மணி அண்ணன் கடைன்னு போற எடத்துல ஸ்கேன் பண்ணுனா இனிஷியலோட சுப்பிரமணியன்னு வரும், இல்ல அவரு சம்சாரம் பேரு வரும். 2025 நடுவுல இருந்து பேங்க் ரெக்கார்டுல என்ன பேரோ அதைத்தான் ஆப்பு காட்டணும்னு ஆக்கிட்டாங்க, மோசடியத் தடுக்கத்தான். சரிதான். ஆனா உங்க பேரும் அந்தப் பக்கம் போகுது, உங்க யூபிஐ ஐடி உங்க மொபைல் நம்பராவே இருந்தா நம்பரும் போகுது. ஆட்டோக்காரருக்கு எண்பது ரூபா அனுப்புன பொண்ணுக்கு ராத்திரி வாட்ஸப்ல ஹாய் வருதுன்னா வழி இதுதான். எல்லா எடத்துலயும் பிளாக் பண்ணுன பழைய காதலிக்கு ஒத்த ரூபாய அனுப்பி குறிப்புப் பகுதில மன்னிப்புக் கேக்குற புண்ணியவான்களும் இருக்காங்க. எண்பது ரூபாய நோட்டாக் குடுத்தப்ப அதுல பேரு எழுதிக் குடுத்தோமா என்ன முன்னாடி?

கடைக்காரங்க பக்கம் இந்த ஞாபகசக்தி ரொம்பப் பெரிசாக் கடிச்சது 2025 ஜூலைல, கர்நாடகாவுல. அங்க வணிகவரித் துறை யூபிஐ வரவுக் கணக்கை வெச்சு சின்னச் சின்ன கடைக்காரங்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் விட்டுச்சு. பொருள் விக்கிறவங்கன்னா வருஷம் 40 லட்சம், சர்வீஸ்னா 20 லட்சம் தாண்டுனா ரெஜிஸ்டர் பண்ணணும்னு சட்டம் இருக்கு, அதுல தப்பு சொல்ல முடியாது. ஆனா அக்கவுண்டுக்கு வந்ததெல்லாம் வியாபாரமா? மச்சான் திருப்பிக் குடுத்த கைமாத்து, சீட்டுப் பணம், ஊருல இருந்து அப்பா அனுப்புனது எல்லாம் அதே அக்கவுண்டுலதான் வருது. ஜிஎஸ்டியே இல்லாத பாலு, காய்கறி விக்கிறவங்களுக்கும் நோட்டீஸ் போச்சு. உடனே பெங்களூர்ல கடைகடையா க்யூஆரைக் கிழிச்சுட்டு "நோ யூபிஐ, ஒன்லி கேஷ்"னு அட்டை தொங்க விட்டாங்க. கடைசில ரெஜிஸ்டர் பண்ணிக்குங்க, பழைய பாக்கியக் கேக்க மாட்டோம்னு முதல்வர் சித்தராமையா சொல்லி அடங்குச்சு. பேப்பர்ல அதைப் படிச்சுட்டு நம்ம ஊர்லயும் நாலஞ்சு கடைக்காரங்க எனக்கு போன் பண்ணுனாங்க, "தம்பி நீ ஒட்டுன ஸ்டிக்கர்தானே, இதெல்லாம் யாரு பாக்குறாங்க"ன்னு. பேங்க் பாக்கும், என்பிசிஐ பாக்கும், ஆப்பு கம்பெனி பாக்கும், கேட்டா வரித்துறையும் பாக்கும்னு சொன்னேன். "ஒட்டும்போதே சொல்லியிருக்கணும்ல"ன்னாரு ஒருத்தர், ஒட்டும்போது என் கண்ணுல டார்கெட்டு மட்டும்தான் இருந்துச்சு.

இதை விட எனக்குப் பயம் அக்கவுண்டு முடக்கம்தான். எவனோ எங்கயோ ஆன்லைன்ல ஏமாத்துன பணம் நாலஞ்சு அக்கவுண்டு தாண்டி ஒருத்தன் கைக்கு வரும், அவன் உங்க கடைல பிரியாணி சாப்ட்டுட்டு அதுல இருந்து 150 ரூபா குடுப்பான். ஏமாந்தவரு சைபர் குற்றப் புகாருக்கான 1930 நம்பருக்கு போன் பண்ணி புகார் குடுத்ததும் பணம் போன பாதைய புடிச்சுக்கிட்டே வருவாங்க, உங்க அக்கவுண்டுலயும் ஒரு பூட்டு விழும், சில சமயம் அந்த 150க்கு மட்டும், சில சமயம் மொத்தத்துக்கும். புகார் வேற மாநிலத்துல இருக்கும், பேசணும்னா இந்தி. பணத்தைப் பறிகொடுத்தவருக்கு இது அவசியமான வசதி, நிறையப் பேருக்கு காசு திரும்பக் கெடைச்சிருக்கு. ஆனா திருட்டு நோட்டு கல்லாவுல விழுந்தாலும் கல்லா கல்லாவாத்தான் இருந்துச்சு முன்னாடி, மறுநாள் சரக்கெடுக்க முடியாமப் போனதில்ல.

அதே ஞாபகசக்தி புண்ணியமாவும் ஆகுது, அதைச் சொல்லாம விட்டா அநியாயம். திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலை பாக்குற பீகார், ஒடிசா பசங்க முன்னாடி சம்பள நாள்ல பணம் அனுப்புற கடை வாசல்ல வரிசைல நிப்பாங்க, நூத்துக்கு ஒரு ரூபா மாதிரி கமிஷன், கடை பூட்டியிருந்தா மறுநாள். இப்ப ராத்திரி பத்து மணிக்கு ரூம்ல படுத்துக்கிட்டே அனுப்புறாங்க, அந்தப் பக்கம் அம்மா வந்துருச்சுன்னு சொல்றதையும் வீடியோ கால்ல பாத்துடுறாங்க. நடுவுல யாராலயும் "வரலையே"ன்னு சொல்ல முடியாது. கூலி பாக்கி வெச்சுட்டு "அன்னிக்கே குடுத்தேனே"ன்னு சொல்ற மேஸ்திரிக்கும் இப்ப வாயடைச்சிரும், தேதியோட போன்ல இருக்கு. எளியவன் பக்கம் சாட்சி நிக்கிறது நம்ம நாட்டுல சின்ன விஷயமா?

இப்ப செலவுக்கு வர்றேன், நீங்க அதைத்தான் மொதல்ல கேட்டீங்க. 2001ல அமெரிக்காவுல எம்ஐடில ப்ரெலெக், சிமெஸ்டர்னு ரெண்டு பேரு ஒரு ஆராய்ச்சி பண்ணுனாங்க, மேட்ச் டிக்கெட்டை மாணவர்களுக்கு ஏலம் விட்டு, பாதிப் பேருக்கு கேஷாத்தான் குடுக்கணும்னும் மிச்சப் பேருக்கு கிரெடிட் கார்டுலதான் குடுக்கணும்னும் சொன்னப்ப, கார்டுக்காரங்க கிட்டத்தட்ட ரெட்டிப்பு விலை வரைக்கும் கேட்டாங்க. காசு கைய விட்டுப் போறப்ப உள்ளுக்குள்ள ஒரு சுருக்னு இருக்கும்ல, அது கார்டுல கொறையுதுங்கிறதுதான் விஷயம். இதை வெச்சுத்தான் யூபிஐயும் அப்படித்தான்னு எல்லாரும் எழுதுறாங்க. எனக்கு முழுசா ஒப்பல. கிரெடிட் கார்டுல காசு அடுத்த மாசம்தான் போகும், யூபிஐல அந்த நிமிஷமே போயி, மெசேஜும் வந்து, ஸ்பீக்கரும் கத்துது. பெரிய செலவுல நாம இன்னும் யோசிக்கத்தான் செய்யறோம். கோட்டை விடுறது இருபது, நாப்பது, அறுபதுல. பைல நூறு ரூபாதான் இருக்குன்னா அது முடிஞ்சா அன்னைக்கு முடிஞ்சது, அந்த எல்லையப் பையே போட்டுச்சு. போன்ல மொத்த சம்பளமும் பைலயே இருக்கு.

ஆளுங்களுக்கும் இது உறுத்துதுங்கிறதுக்கு ஒரு அடையாளம் சொல்லட்டுமா, பேலன்ஸ் பாக்குறது. தட்டித் தட்டிப் பாத்து சர்வருக்கே பாரமாகி, 2025 ஆகஸ்ட்ல இருந்து ஒரு ஆப்புல நாளைக்கு 50 தடவைக்கு மேல பேலன்ஸ் பாக்க முடியாதுன்னு என்பிசிஐ எல்லை போட்டுச்சு. அம்பது தடவை! சட்டைப் பையத் தடவிப் பாக்குறவன் கூட அத்தனை தடவை தடவ மாட்டான்.

ஆக கேஷுக்கே திரும்பலாமான்னா, முழுசாத் திரும்ப வேணாம், முடியவும் முடியாது, ஆனா எதை எழுத விடணும்ங்கிற முடிவைக் கொஞ்சம் திரும்ப எடுத்துக்கலாம். யூபிஐ லைட்னு 2022ல வந்த ஒன்னு இருக்கு, அதுல அதிகபட்சம் 5000 ரூபா வரைக்கும் போட்டு வெச்சுக்கலாம், ஒரு தடவைக்கு 1000 வரைக்கும் பின் இல்லாம போகும். அந்தச் சின்ன செலவெல்லாம் பாஸ்புக்குல ஒவ்வொரு வரியா ஏறாது, நீங்க லைட்டுக்கு மாத்துன தொகை மட்டும்தான் ஏறும். வாரத்துக்கு ஆயிரமோ ரெண்டாயிரமோ போட்டு, தீந்தா அடுத்த வாரம்தான்னு வெச்சுக்குங்க, பழைய சட்டைப் பை திரும்பக் கெடைச்ச மாதிரிதான். பின் கேக்காதுங்கிறதால போன் லாக்கு மட்டும் பத்திரமா இருக்கட்டும். யூபிஐ ஐடில மொபைல் நம்பர் இருந்தா ஆப்புலயே வேற ஐடி உண்டாக்கி அதையே முதன்மையா வெச்சுக்குங்க, முக்கியமா வீட்டுல பொண்ணுங்களுக்கு. சின்னதா கடையோ டெய்லரிங்கோ வீட்டுச் சமையலோ பண்றவங்களா இருந்தா வியாபாரத்துக்குத் தனி அக்கவுண்டு, கைமாத்து சீட்டுப் பணம் எல்லாம் வேற அக்கவுண்டு, இது ரெண்டும் கலக்கவே கூடாது, நாளைக்கு நோட்டீஸ் வந்தாலும் பூட்டு விழுந்தாலும் ஒன்னாவது தப்பிக்கும். காசு வர்றதுக்கு எந்தக் காலத்துலயும் பின் போட வேண்டியதில்ல, போடச் சொன்னா அவன் திருடன்.

அப்புறம் உங்க வீட்டுல அம்மா, பாட்டி, அத்தை யாருக்காவது தனி அக்கவுண்டு இருந்தா அதுல எந்த நம்பர் பதிஞ்சிருக்குன்னு இந்த வாரமே பாருங்க. உங்க நம்பரா இருந்தா அவங்க நம்பரா மாத்திக் குடுங்க, அதுக்கு பாஸ்புக், ஆதாரோட அவங்களே பிராஞ்சுக்குப் போயி ஒரு ஃபார்ம் எழுதிக் குடுத்தாப் போதும். ஸ்மார்ட்போன் இல்லாட்டியும் பரவால்ல, பட்டன் போனுக்குன்னே 2022ல இருந்து யூபிஐ 123 பேன்னு இருக்கு, கால் பண்ணி தமிழ்லயே அனுப்பலாம். கூடப் போனீங்கன்னா பின் போடுற நேரத்துல மட்டும் நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க.